கடலோரத்துக் காரில் தேயும் வளையம்

மூன்றாவது கியருக்குத் தள்ளினால் ஐந்தாவதில் போய் விழுகிறது. ரிவர்ஸைப் பிடிக்க இரண்டு மூன்று முறை துழாவ வேண்டியிருக்கிறது. நியூட்ரலில் விட்டால் கியர் லீவர் நிமிர்ந்து நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. மேடுபள்ளத்தில் அதன் தலை கிடுகிடுவென்று ஆடுகிறது. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே “கியர் பாக்ஸ் போச்சு” என்று முடிவுகட்டி, ஓடிக்கொண்டிருக்கிற காரைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. பல நேரங்களில் கியர் பாக்ஸ் நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பது கட்டைவிரல் நக அகலத்தில் உள்ள ஒரு வளையம். பட்டறையில் அதற்குப் புஷ் என்று பெயர்.

பாகான் நக்கோடா ஓமார், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துச் சபாக் பெர்ணம் மாவட்டத்தில் மலாக்கா நீரிணையை ஒட்டிய மீனவர் ஊர். ஊரைத் தாண்டி உள்ளே வந்தால் தென்னையும் செம்பனையும். ஐந்தாம் எண் கூட்டரசு சாலையைப் பிடித்துத் தெற்கே இறங்கினால் சுங்கை பெசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் என்று ஊர்கள் வரிசையாக வரும். தோட்டத்து வேலைக்குப் போகவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், ஆலையில் ஷிப்டு மாறவும் இந்த வட்டாரத்தில் இன்னும் பழைய மேனுவல் கார்கள் உழைக்கின்றன. 1994இல் வந்து 2009இல் உற்பத்தி நின்ற பெரோடுவா கஞ்சில், அதன் பின் 2014 வரை வந்த விவா, தொண்ணூறுகளின் புரோட்டோன் வீரா. வயதான கார்கள்தான், ஆனால் பார்த்துக்கொண்டால் இன்னும் பல ஆண்டு ஓடக்கூடியவை. பார்த்துக்கொள்வதில் முதலில் விட்டுப்போவது இந்தப் புஷ்தான். உப்புக்காற்று, ஈரம், வெப்பம், தோட்டத்துச் செம்மண் சாலையின் புழுதி என்று அதன் எதிரிகள் எல்லாருமே இங்கே கூடிக் குடியிருக்கிறார்கள்.

லீவரைக் கை பிடித்திருந்தாலும் பல்சக்கரங்களைக் கை தொடுவதில்லை. இந்தக் கார்களில் எஞ்சினும் கியர் பாக்ஸும் முன்பக்கம் பானட்டுக்குள் குறுக்காகப் படுத்திருக்கின்றன. லீவரோ இரண்டு இருக்கைகளுக்கு நடுவே நிற்கிறது. இடையில் உள்ள தூரத்தைச் சில கார்கள் இரும்புக் கம்பிகளால் கடக்கின்றன, வீரா போன்றவை கேபிளால் கடக்கின்றன. கேபிள் வகையில் இரண்டு கேபிள் உண்டு. லீவரை இடவலமாக அசைத்தால் ஒன்று நகர்ந்து, ஒன்று-இரண்டா, மூன்று-நான்கா, ஐந்து-ரிவர்ஸா என்று வரிசையைத் தேர்ந்தெடுக்கிறது. முன்பின்னாகத் தள்ளினால் மற்றது நகர்ந்து அந்த வரிசைக்குள் ஒரு கியரைக் கோக்கிறது. கேபிளின் ஒவ்வொரு முனையிலும் ஒரு கண். கண்ணுக்குள் ஓர் எஃகு முளை. முளைக்கும் கண்ணுக்கும் நடுவே புஷ். இரண்டு கேபிளுக்கு நான்கு முனை. இதைத் தவிர, லீவரின் அடியில் அது சுழலும் குமிழைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கும். கம்பி வகையிலும் கண், முளை, புஷ் என்ற ஏற்பாடு இதேதான். அவை இருக்கும் இடம்தான் வேறு.

இரும்புக் கண்ணை இரும்பு முளையில் நேராகவே மாட்டிவிட்டால் என்ன? எஞ்சின் காரின் உடலோடு இறுகப் பூட்டப்பட்டதல்ல என்பதுதான் முதல் சிக்கல். அது ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் மிதித்தால் ஒரு பக்கம் சாய்கிறது, காலை எடுத்தால் மறுபக்கம் சாய்கிறது. லீவரோ தரையோடு பதிந்தது. ஆடுகிற ஒன்றையும் ஆடாத ஒன்றையும் இணைக்கும் இடத்தில் கொஞ்சம் நெகிழ்வு இருந்தே ஆக வேண்டும். அடுத்தது அதிர்வு. கஞ்சிலின் 660, 850 சி.சி. எஞ்சின்கள் மூன்று சிலிண்டர் கொண்டவை. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும் என்பதால், மூன்று சிலிண்டருக்குச் சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா நிற்கும்போது அது வினாடிக்கு 20 உதைப்பு. 3,000 சுற்றில் 75. இத்தனை உதைப்பும் இரும்பு வழியே ஏறி வந்து உள்ளங்கையில் இறங்காமல் தடுப்பது புஷ்.

ரப்பரால் இதைச் செய்ய முடிவது அது வெறும் சுருள்வில் இல்லை என்பதால். சுருள்வில் தான் வாங்கிய ஆற்றலை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தந்துவிடும். ரப்பரின் நீண்ட மூலக்கூறு இழைகள் அமுங்கும்போதும் விரியும்போதும் ஒன்றையொன்று உரசி, ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக மாற்றிவிடுகின்றன. அதிர்வு கரைவது அங்கேதான். இதோடு இயற்பியல் விதி ஒன்றும் சேர்கிறது. எந்த நெகிழ்வான தாங்கலுக்கும் அதற்கே உரிய இயல்பு அதிர்வெண் உண்டு. அதைவிட ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் அது தடுக்கும். அதற்குக் கீழே உள்ளவற்றைக் கடத்தும், சிலவற்றைப் பெருக்கியும் விடும். மென்மையான புஷ்ஷுக்கு இயல்பு அதிர்வெண் தாழ்வு, ஆகவே அதிர்வை நிறையத் தடுக்கும், ஆனால் கையின் அசைவிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். கெட்டியான புஷ் கையின் அசைவைத் துல்லியமாகக் கொண்டுபோகும், அதிர்வையும் அதே துல்லியத்தோடு கொண்டுவரும். கார் வடிவமைப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வேறு பொருளில் புஷ் போடும்போது நாம் அந்தத் தேர்வை மாற்றுகிறோம் என்பதைத் தெரிந்து மாற்ற வேண்டும்.

சிறிய தேய்மானம் கையில் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் நெம்புகோல் கணக்கு. லீவரின் சுழலும் புள்ளிக்கு மேலே 24 செ.மீ., கீழே 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் நாலுக்கு ஒன்று. தலையை 6 செ.மீ. தள்ளினால் கேபிள் 15 மி.மீ. நகரும். இப்போது லீவர் முனையில் 2 மி.மீ., கியர் பாக்ஸ் முனையில் 2 மி.மீ. ஆட்டம் விழுந்துவிட்டது என்றால், கை திசை மாற்றும் ஒவ்வொரு தடவையும் கேபிளின் நகர்வில் 4 மி.மீ. வீணாகப் போகிறது. கையில் அது 16 மி.மீ. பல கார்களில் ஒரு வரிசைக்கும் பக்கத்து வரிசைக்கும் இடையே லீவர் தலை நகரும் தூரமே மூன்று நான்கு செ.மீ.தான். அதில் பாதிக்கு அருகில் வெற்று ஆட்டமாகிவிட்டால் மூன்றைத் தேடிப்போன கை ஐந்தில் விழத்தான் செய்யும்.

கைக்குத் தொல்லை என்பதோடு இது நின்றால் நானும் பெரிதாகச் சொல்லமாட்டேன். கியர் பெட்டிக்குள் நடப்பதுதான் கவலைக்குரியது. வெவ்வேறு வேகத்தில் சுற்றும் சக்கரங்களை முதலில் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து பிறகு கோக்கும் சிங்க்ரோமெஷ் அமைப்பு 1928இல் கேடிலாக் கார்களில் வந்தது. இன்றைய மேனுவல் பெட்டிகள் எல்லாம் அதன் வழிவந்தவை. அதில் ஒரு வளையுறை நகர்ந்து, கியரின் ஓரத்தில் உள்ள சின்னப் பற்களின்மேல் முழுதாக ஏறி உட்கார வேண்டும். லீவர் முழுத் தூரம் போயும் வளையுறை அரைகுறையாக ஏறினால், எஞ்சினின் மொத்த இழுப்பும் அந்தப் பற்களின் நுனியில் விழுகிறது. நுனி மழுங்குகிறது. மழுங்கிய பல் பிடியை விடுகிறது. ஓடும்போதே கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும் கார்களில் ஒரு பகுதி இந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தவை. அந்த நிலையில் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். சில பத்து வெள்ளியில் முடியக்கூடிய வேலையைத் தள்ளிப்போட்டதால் வந்த செலவு அது.

சிலாங்கூரின் வடபகுதியில் வாழ்கிறவர்களுக்கு இந்த வளையத்தின் மூலப்பொருளைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன ரப்பர் விதைகளின் வழியாக, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை அங்கே தாவரவியலாளர் ரிட்லி வகுத்தார். அடுத்த தலைமுறைக்குள் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் கித்தா (ரப்பர்) காடு பரவியது. அந்தக் காட்டில் விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு பால் வெட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோனியே செம்பனையை வணிகப் பயிராக நட்டார். பிறகு மெல்ல மெல்லச் செம்பனை கித்தாவின் இடத்தைப் பிடித்தது. 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக்கழகம் வளர்த்த அறிவு மட்டும் பயிர் மாறியும் அழியவில்லை.

வாளியில் உறைந்த அந்தப் பால் அப்படியே புஷ் ஆகிவிடாது. கச்சா ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியபோதுதான் அது நிலையான பொருளாயிற்று. கந்தக அணுக்கள் இழைக்கும் இழைக்கும் பாலம் போடுகின்றன. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய வடிவுக்கு ஓடி வருவது அந்தப் பாலங்களால்தான். ஆனால் இழைகளில் ஒரு பலவீனம் மிச்சம் இருக்கிறது. இயற்கை ரப்பரின் ஒவ்வோர் அலகிலும் கார்பன் அணுக்களுக்கு இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. ஆக்சிஜனும் ஓசோனும் தேடி வந்து கடிப்பது அந்த இடத்தைத்தான். கடித்த இடத்தில் இழை அறுகிறது, அல்லது பக்கத்து இழையோடு வேண்டாத பாலம் போட்டுக்கொள்கிறது. முதலாவது நடந்தால் ரப்பர் மென்மையாகிப் பிசுபிசுக்கிறது, இரண்டாவது நடந்தால் விறைத்து வெடிக்கிறது.

இந்த இடத்தில் ஒரு வியப்பான செய்தி உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1889இல் ஒரு ரயில் பாலத்தின் தூண்களில் வைத்த இயற்கை ரப்பர் தட்டைகளை, ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து ஆராய்ந்தார்கள். சிதைவு மேற்பரப்பில் ஓரிரு மில்லிமீட்டர் ஆழத்தோடு நின்றிருந்தது. உள்ளே ரப்பர் உயிரோடு இருந்தது. லண்டனில் நிலத்தடி ரயிலுக்கு மேலேயே 1966இல் எழுந்த ஆல்பனி கோர்ட் குடியிருப்பு, ரயிலின் அதிர்வு ஏறாதபடி ரப்பர் தாங்கிகளின்மேல் நிற்கிறது. 2014இல் திறந்த பினாங்கின் இரண்டாவது பாலம் நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காக இயற்கை ரப்பர் தாங்கிகளோடு கட்டப்பட்டது. பாலத்துக்கு நூறாண்டு உழைக்கும் ரப்பர் காரில் பத்துப் பதினைந்து ஆண்டில் கைவிடுவது ஏன்?

பருமன்தான் முதல் விடை. பாகான் நக்கோடா ஓமாரில் கருவாடு போடுகிறவர்களுக்கு இது புரியும். நெத்திலி சட்டென்று உள்வரை காய்ந்துவிடும், பெரிய மீனைப் பிளந்து போடாவிட்டால் தோல் காய்ந்தாலும் நடுச்சதை ஈரமாகவே இருக்கும். ரப்பருக்குள் ஆக்சிஜன் இறங்குவதும் அப்படியே. பாலத்துத் தட்டையில் வெளித்தோல் ஆக்சிஜனைத் தின்று, உள்ளே போகவிடாமல் காவல் நிற்கிறது. கியர் புஷ்ஷின் சுவரே இரண்டு மூன்று மி.மீ. அதில் தோலைத் தவிர உள்ளே காக்க எதுவும் இல்லை. இரண்டாவது விடை வெப்பம். வேதிவினைகள் பத்து பாகை செல்சியஸ் ஏறுவதற்கு ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பட்டறிவு விதி. நிழலில் 30 பாகை, பானட்டுக்குள் 80 பாகை என்றால் ஐந்து முறை இரட்டிப்பு, அதாவது 32 மடங்கு. மூன்றாவது எண்ணெய். கசியும் எஞ்சின் எண்ணெயில் இயற்கை ரப்பர் ஊதிப் பெருத்துப் பலம் இழக்கும். பாலத்துத் தூணில் எண்ணெய் கசிவதில்லை.

எல்லாப் புஷ்ஷும் ரப்பர் அல்ல. கேபிள் கண்களில் நைலானும் நிறைய வரும். 1935இல் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கிய இந்தப் பொருள் வழுக்கலானது, தேய்மானத்தைத் தாங்கும், எண்ணெய்க்கு அஞ்சாது. ஆனால் தண்ணீரைக் குடிக்கும். நைலான் 66 வகை, காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும் இடத்தில் தன் எடையில் 2.5 விழுக்காடு நீரை ஏற்கும். நீரில் ஊறவே போட்டால் எட்டு விழுக்காட்டுக்கு மேல் போகும். நம் கடலோரத்தில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியும் அதற்கு மேலும் நிற்பதால் இங்கே நைலான் நடுவில் எங்கோ நிற்கிறது. குடித்த நைலான் மென்மையாகிறது, கொஞ்சம் பெருக்கவும் செய்கிறது. உடையாமல் வளைவதற்கு அந்த ஈரம் உதவத்தான் செய்கிறது. ஆனால் பானட்டுக்குள் பகலெல்லாம் வெந்து காய்வது, இரவெல்லாம் ஈரம் குடிப்பது என்று ஆண்டுக்கணக்கில் நடந்தால் வளையம் தன் அளவை இழக்கிறது.

ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஒரு புஷ் என்ன செய்யும் என்பதை உலகம் 2022இல் பெரிய அளவில் பார்த்தது. அந்த ஜூன் மாதம் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 29 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. அவை ஆட்டோமேட்டிக் கார்கள். கியர் கேபிளைப் பெட்டியோடு இணைக்கும் புஷ் சிதைந்து கழன்றால், ஓட்டுநர் பார்க் நிலைக்குத் தள்ளியும் பெட்டி அந்த நிலைக்குப் போயிருக்காது. ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கினால் கார் உருண்டுவிடும். வெப்பமும் ஈரப்பதமும் புஷ்ஷின் மூலக்கூறுகளை நீராற்பகுப்பால் அறுக்கக்கூடும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. தீர்வு என்னவென்றால் புதிய புஷ், அதன்மேல் ஒரு காப்பு மூடி. அவ்வளவுதான். அதே வகைக் கோளாறுக்காக 2018இலும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் அழைக்கப்பட்டிருந்தன. பெரிய ஆய்வுக்கூடங்கள் வைத்திருக்கும் நிறுவனமே ஈரத்தைக் குறைத்து மதிப்பிட முடியும் என்றால், வருடம் முழுக்க வியர்க்கும் ஊரில் இருக்கிற நாம் புஷ்ஷின் பொருளைக் கேட்டு வாங்குவது நியாயமான எச்சரிக்கை.

கடையில் இப்போது பல நிறங்களில் பாலியூரித்தேன் புஷ்கள் கிடைக்கின்றன. 1937இல் ஓட்டோ பாயர் ஜெர்மனியில் கண்டறிந்த குடும்பத்தைச் சேர்ந்தவை. ரப்பரைவிடக் கெட்டி, எண்ணெய் தாங்கும், லீவரில் உடனே இறுக்கம் தெரியும். ஆனால் பாலியூரித்தேனில் இரண்டு வகை உண்டு. பாலியெஸ்டர் அடிப்படையில் செய்தது வெந்த ஈரத்தில் நீராற்பகுப்புக்கு ஆளாகி, சில ஆண்டுகளில் பாலாடைக்கட்டிபோல் உதிரக்கூடும். பாலியீத்தர் அடிப்படையில் செய்தது ஈரத்துக்கு நன்றாக ஈடுகொடுக்கும். பொட்டலத்தில் வகை எழுதியிருந்தால் இரண்டாவதை எடுங்கள். எதுவும் எழுதாத மலிவுப் பொருளை இந்தக் கடலோரத்தில் நான் நம்பமாட்டேன். 1960இல் டெல்ரின் என்ற பெயரில் சந்தைக்கு வந்த அசிட்டால் இன்னொரு தேர்வு. நீரை ஒரு விழுக்காடு அளவுக்குக்கூட ஏற்காது, அளவு மாறாது. கம்பி வகை இணைப்புக்கு இதுவே எனக்குப் பிடித்தது. பித்தளையில் கடைந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வாரம் கியர் வெண்ணெயாக விழும். ஆனால் அதிர்வை ஒரு துளியும் வடிகட்டாது, புழுதி புகுந்தால் எஃகு முளையையே தேய்க்கும். புஷ் தேய்ந்தால் புஷ் மாற்றலாம், முளை தேய்ந்தால் அது பதிந்திருக்கும் நெம்புகோலையே மாற்ற வேண்டி வரும். இந்த இணைப்பில் தேய வேண்டியது எது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதைக் கழற்ற எளிதான இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதைவிடக் கடினமான பொருளை அங்கே நுழைப்பது அந்த ஏற்பாட்டைக் குலைப்பதாகும்.

மாற்றுவதற்கு முன் குற்றவாளி புஷ்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பட்டறையில் இந்தப் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

“அண்ணே, கியர் உள்ளே போகவே மாட்டேங்குது. பாக்ஸ இறக்கணுமா?”

“இறக்குறது அப்புறம் தம்பி. எஞ்சின ஆஃப் பண்ணிட்டுப் போட்டுப் பாத்தியா?”

அந்தக் கேள்விக்குள் பாதி நோயறிதல் இருக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லா கியரும் சுகமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டினால், கிளட்ச் முழுதாக விடவில்லை. நின்றிருக்கும்போதும் லீவர் கொளகொளவென்று இடம் தெரியாமல் அலைந்தால் இணைப்பில் ஆட்டம். இரண்டாவது கியரில் மட்டும் கர்ரென்று கத்தி, மற்றவை ஒழுங்காக இருந்தால் சிங்க்ரோவைச் சந்தேகிக்கலாம். அடுத்து இரண்டு பேர் வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் லீவரை மெதுவாக அசைக்க, மற்றவர் பானட்டைத் திறந்து கியர் பாக்ஸ் முனையைப் பார்க்க வேண்டும். கேபிளின் கண் நகர்கிறது, கண்ணுக்குள் இருக்கும் முளை நகரவில்லை என்றால் புஷ் போய்விட்டது. கண்ணே நகரவில்லை என்றால் கோளாறு லீவர் முனையில். இரண்டு முனையும் இறுக்கமாக இருந்தும் லீவர் கனமாக இருந்தால், உப்பு ஈரம் கேபிளின் உறைக்குள் இறங்கித் துருப்பிடித்திருக்கிறது. அதற்குக் கேபிளையே மாற்ற வேண்டும்.

வேலை கடினமானதல்ல, அவசரப்படக் கூடாதது. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பெட்டி நியூட்ரலில் இருக்கப்போவதால் கியர் காரைப் பிடித்து நிறுத்தாது. எஞ்சின் ஆறியிருக்கட்டும். ஸ்டார்ட்டர் கம்பிகள் அருகிலேயே இருக்கும் என்பதால் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் காற்று வடிகட்டிப் பெட்டியை எடுத்தால்தான் கை போகும், சில கார்களில் பேட்டரியையும் அதன் தட்டையும் எடுக்க வேண்டும். கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு கேபிளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பூட்டு ஊசியையோ கிளிப்பையோ எடுத்து, கண்ணை முளையிலிருந்து நேராக நெம்ப வேண்டும். சாய்த்து நெம்பினால் கேபிளின் தண்டு வளைந்துவிடும்.

அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் கட்டம் அடுத்தது. முளையைத் துடைத்துப் பாருங்கள். கடல்காற்றில் அதன்மேல் பழுப்பு நிறத் துரு சொரசொரப்பாகப் படிந்திருக்கும். அதன்மேல் புதிய புஷ்ஷை மாட்டினால் கியர் போடும் ஒவ்வொரு முறையும் துரு அதை உள்ளிருந்து அரைக்கும். மெல்லிய எமரித் தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, துணியால் தூசியை ஒற்றி எடுங்கள். விரலால் சுற்றித் தடவும்போது நடுவில் இடுப்புபோல் ஒடுங்கியிருந்தால் முளையே தேய்ந்துவிட்டது, புது புஷ்ஷால் பயன் கொஞ்சம்தான்.

நைலான் புஷ் கண்ணுக்குள் ஏற மறுத்தால் கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுங்கள், இளகி ஏறும். சுத்தியலால் அடிப்பதைவிட வைஸில் வைத்து நேராக அழுத்துவது நல்லது. கிரீஸ் விஷயத்தில் பொருளைப் பார்க்க வேண்டும். நைலானுக்கும் அசிட்டாலுக்கும் சாதாரண லித்தியம் கிரீஸ் போதும். இயற்கை ரப்பருக்கு அது பகை, சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். துரு இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சி அடித்துவிட்டு வேலை முடிந்ததென்று நினைப்பவர்கள், ரப்பர் புஷ்ஷின் ஆயுளைத் தங்கள் கையாலேயே குறைக்கிறார்கள். சமையல் எண்ணெயைத் தடவினால் அது காற்றுப்பட்டுக் கோந்தாகிப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூட்டிய பிறகு லீவரையும் பெட்டியையும் நியூட்ரலில் ஒன்றாக நிறுத்தி, கேபிளில் சரிசெய்யும் ஏற்பாடு இருந்தால் அப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். எஞ்சின் நின்ற நிலையில் ஐந்து கியரும் ரிவர்ஸும் தெளிவாக விழுகின்றனவா என்று பார்த்த பின்பே ஓட்ட வேண்டும்.

மேனுவல் கார்களின் காலமே முடிகிறதே, இதற்கு இத்தனை அக்கறை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மலேசியாவில் 2014 முதல் ஆட்டோமேட்டிக் காருக்கு மட்டுமான டிஏ உரிமம் தனியாகக் கிடைக்கிறது. புதிதாக ஓட்டப் பழகும் பிள்ளைகளில் பலர் கிளட்சைத் தொடுவதே இல்லை. ஆனால் 2023இல் பெரோடுவா 22,000 வெள்ளி விலையில் ஐந்து கியர் மேனுவலாக மட்டுமே ஆக்சியா இ வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த விலையில் புதுக் கார் வேண்டும் என்பவர்களும், பழைய கஞ்சிலை விட மனமில்லாதவர்களும் தோட்டப்புறத்தில் இருக்கும்வரை இந்த வேலைக்கு ஆள் தேவை. ஒரு குடும்பத்தின் வேலையும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அந்த ஒரு காரில் தொங்கும்போது, புஷ்ஷுக்கும் பெட்டிக்கும் வித்தியாசம் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஒருவர் இருப்பது பெரிய காரியம்.

உதிரிப்பாகத்தில் ஒரு தொல்லை உண்டு. சில மாடல்களுக்குப் புஷ் தனியாகக் கிடைக்காது, கேபிளை முழுதாக வாங்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட காருக்குக் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளலாம். பழைய வளையம் எவ்வளவு சிதைந்திருந்தாலும் எறியாதீர்கள், ஆனால் அதன் அளவை நம்பவும் வேண்டாம். முளையின் குறுக்களவு, கண்ணின் உள்ளளவு, கண்ணின் அகலம் ஆகிய மூன்றையும் காலிப்பரில் எடுத்துக் கொடுங்கள். அசிட்டால் என்றால் அளவுக்கு நெருக்கமாகக் கடையலாம். நைலான் என்றால் துளையில் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை கூடுதல் இடம் விடச் சொல்லுங்கள். கடைசல் இயந்திரத்திலிருந்து இறங்கும்போது காய்ந்திருக்கும் அந்த வளையம், நம் கடலோரக் காற்றில் சில வாரங்களில் ஈரம் குடித்துப் பெருத்து அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.